சுவரும் அடுக்களையும்: சுண்ணாம்பு வழி ஓர் ஆய்வு

மனையை அழகுசெய்தலும் அடுக்களையில் பொருள்களைக் கலந்து சோதித்துப் பார்த்தலும் வெவ்வேறு தொழில்கள் என்றே இன்று கருதப்படுகின்றன. முன்னதற்கு வண்ணக்கடையும் பின்னதற்குச் சமையல் நூலும் போதும் என்பர் பலர். ஆயினும் இவ்விரண்டையும் இணைக்கும் பொருளொன்று நம் இல்லங்களில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. சுவரில் வெள்ளையாகவும் வெற்றிலையில் காரமாகவும் ஆலத்தித் தட்டில் செம்மையாகவும் விளங்கும் அப்பொருள் சுண்ணாம்பே ஆகும். அடுக்களையில் செய்யத்தக்க எளிய சோதனைகள் சுவரை அழகுசெய்வதற்கு எவ்வாறு வழிகாட்டுகின்றன என்பதை, தாம்பரத்தை அடுத்துள்ள முடிச்சூரை மனத்திற்கொண்டு இங்குக் காண்போம்.

முடிச்சூரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது மிகுந்த துன்பத்திற்குள்ளான ஊர்களுள் இதுவும் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும் இப்பகுதியின் தாழ்ந்த தெருக்களில் நீர் தேங்கியது. வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். சுவரின் ஈரம் அவ்வளவு எளிதில் வடிவதில்லை. செங்கல்லிலும் மண்ணிலும் உள்ள உப்புகள் நீரில் கரைந்து மேலேறி, நீர் ஆவியாகும் இடத்தில் வெண்பொடியாகத் தங்குகின்றன. இதனையே மக்கள் உப்புப் பூத்தல் என்கின்றனர். அச்சுவரின்மீது ஈரம் புகாத செயற்கை வண்ணத்தைப் பூசினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சைக் கொப்புளமாக்கிப் பெயர்த்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு அவ்வாறன்று. அது நுண்துளைகள் உடையது, ஈரத்தை வெளிவிடும். அது ஈரத்தைத் தடுத்து நிறுத்தும் மருந்து என்று கொள்ளுதல் கூடாது. ஈரத்தோடு ஒத்துப்போகும் உடை என்பதே பொருந்தும்.

இப்பொருளின் பழைமைக்குத் தமிழே சான்று பகர்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனைச் சுவரில் பூசிய சுதைக்கு வெள்ளியை உவமையாக்குகிறது. சுதை என்னும் அச்சொல் கோபுரத்துச் சுதைச் சிற்பத்தில் இன்றும் வாழ்கிறது. நீறு என்பதற்குச் சாம்பல் என்பதோடு சுண்ணாம்பு என்னும் பொருளும் உண்டு. நாவுக்கரசரை இட்டதாகப் பெரியபுராணம் கூறும் நீற்றறை, சுண்ணாம்புக் காளவாயே. சுட்ட சுண்ணாம்பில் நீர் வார்த்துப் பொடியாக்குதலை நீற்றுதல் என்பர். கொத்தனாரின் பேச்சில் வழங்கும் இச்சொல்லை நம் மாணவர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. 1 கிலோ சுட்ட சுண்ணாம்பிற்கு 5 லிட்டர் நீர் என்பது வெள்ளையடிப்புக்குரிய அளவு. நீற்றிய பாலை ஒரு நாள் முழுதும் வைத்திருந்து, முரட்டுத் துணியில் வடிகட்டி, லிட்டருக்கு 4 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்த பிசினைச் சேர்க்க வேண்டும். மங்கிய மஞ்சள் சாயல் மறைந்து வெண்மை பளிச்சிட, கிலோவுக்கு 3 கிராம் அளவில் நீலம் கலப்பர். பூசும் முறையிலும் ஒழுங்கு உண்டு. மேலிருந்து கீழாக ஒரு வீச்சும் கீழிருந்து மேலாக ஒரு வீச்சும் கொடுத்து, அவை உலருமுன் வலமிருந்தும் இடமிருந்தும் குறுக்கே மட்டையை ஓட்ட வேண்டும். இதனால் கோடு தெரியாது. பழைய செயற்கை வண்ணத்தின்மேல் சுண்ணாம்பு ஒட்டாதாகலின் அதனை முற்றும் சுரண்டி நீக்குதல் முதற்கடமை.

இனி அடுக்களைக்கு வருவோம். சிறிது சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவைத்தால் மேலே தெளிநீர் நிற்கும். பப்பாளி இலைக்காம்பின் வழியே அதனுள் மெல்ல ஊதினால் (உறிஞ்சிவிடலாகாது) நீர் பால்போல வெளுக்கும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு கூடி மீண்டும் கல்லின் நுண்துகளாகிறது. சுவரிலும் நடப்பது இதுவே. காளவாயில் இழந்த வாயுவைக் காற்றிலிருந்து பெற்றுப் பூச்சு மெல்ல மெல்லக் கல்லாகிறது. வெள்ளையடித்த அன்று கையில் ஒட்டும் சுவர் பின்னர் இறுகுவதன் காரணம் இஃதே.

அடுத்த சோதனை நிறம் பற்றியது. சுண்ணாம்புத் தெளிவில் மஞ்சள்தூளை இட்டால் செந்நிறமாகிறது. எலுமிச்சைச் சாற்றை வேண்டுமளவு பிழிய மீண்டும் மஞ்சளாகிறது. ஆலத்தி நீரின் செம்மைக்கும் அடிப்படை இக்காரமே. செம்பருத்திப்பூ ஊறிய நீர் பச்சையாக மாறுகிறது. நீலச் சங்குப்பூவின் சாறும் பச்சையாகும். எலுமிச்சையில் அதுவே ஊதாவும் இளஞ்சிவப்புமாகும். பீட்ரூட் சாறோ தன் செம்மையை இழந்து மஞ்சளிக்கிறது. சிறுவர்க்கு இது வேடிக்கை. சுவருக்கு நிறம் தேடுவோர்க்கு இது தீர்ப்பு. வண்ணக்கடைக்குச் செல்லாமல் மஞ்சளையோ பூச்சாற்றையோ சுண்ணாம்பில் கலந்து சுவரில் பூசலாம் என எண்ணுவோர் உளர். நினைத்த நிறம் வாராது. வந்த நிறமும் வெயிலில் வெளிறிவிடும்.

காவிப்பொடியைச் சுண்ணாம்பில் கலந்து பாருங்கள். அது மாறுவதில்லை. செங்காவியும் மஞ்சட்காவியும் இரும்பின் சேர்மங்களாகிய மண்கள். காரத்தையும் வெயிலையும் தாங்குவன. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின்மேல் மண்நிறங்களாலும் கனிமநிறங்களாலும் தீட்டப்பெற்றவை. ஆயிரம் ஆண்டு கழிந்தும் அவை எஞ்சி நிற்பதற்கு இத்தேர்வு ஒரு பெருங்காரணம். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை உரோமையின் சிஸ்டைன் ஆலய விதானத்தில் ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டியபோதும் இவ்விதியே அவரை ஆண்டது. செட்டிநாட்டுக் கொத்தர்கள் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவைக் கூட்டிச் சுவரைக் கண்ணாடிபோல் மெருகிட்டனர்; கடுக்காய் நீரும் கருப்பட்டியும் காரையில் இடம்பெற்றன. அடுக்களைப் பொருள் சுவரேறிய வரலாறு இது.

சுண்ணாம்பு உணவிலும் புகும். ஆக்ராவின் பேட்டா என்னும் இனிப்புக்கு நீர்ப்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பதால் அவை பாகில் குழையாது நிற்கின்றன. மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்ததால் அதிலுள்ள நயாசின் உடலுக்குக் கிட்டியது. சோளத்தை மட்டும் ஏற்று அம்முறையைக் கைவிட்ட வட இத்தாலிய உழவரிடையே பெலாக்ரா நோய் பரவியது. சமையற்கட்டின் பழக்கமொன்றைப் பொருளற்றதென ஒதுக்கியதன் விலை அது.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது நீர் கொதித்துத் தெறிக்கும். சிறுவர் அருகில் இருத்தலாகாது. பிளாஸ்டிக் வாளி வெப்பத்தில் இளகும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். இரும்பு வாளியோ மண்தொட்டியோ தக்கது. நீரில் சுண்ணாம்பை இட வேண்டுமேயன்றி, சுண்ணாம்பின்மீது நீரைச் சட்டெனக் கொட்டலாகாது. கண்ணில் தெறித்தால் எலுமிச்சையோ வேறு கைம்மருந்தோ நாடாமல், ஓடும் நீரில் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவியபின் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

பெருநாளையோ பொங்கலையோ முன்னிட்டு வீட்டை முதன்முறையாகத் தாமே புதுக்க விரும்புவோர் கூடத்துச் சுவரில் தொடங்க வேண்டா. கொல்லைப்புறச் சுவரில் வெயில் படும் இடத்தில் ஒரு முழ அகலம் சுரண்டி, நனைத்து, வெள்ளையை ஒருபுறமும் காவி கலந்ததை மறுபுறமுமாகப் பூசுக. ஒரு திங்கள் கழித்துக் கையால் தடவி, ஒட்டுகிறதா உதிர்கிறதா என்று பார்த்த பின்னர்ப் பிசினின் அளவை முடிவுசெய்யலாம்.