வீட்டுப் பட்டறையில் வட்டவாள் மேசையைப் பாதுகாப்புடன் கையாளல்

சிறுபோக அறுவடை முடிந்து காலபோக விதைப்புத் தொடங்கும் வரையுள்ள இடைக்காலத்தில், கமக்காரர் தமக்கு வேண்டிய மரவேலைகளைத் தாமே செய்துகொள்வது வழக்கம். நாற்றுப் பெட்டி, மரக்கறி ஏற்றும் பெட்டி, வயலை மட்டஞ்செய்யும் பலகை, கோழிக்கூடு ஆகியன அவற்றுட் சில. கைவாளால் ஒரு பகல் முழுவதும் அறுக்க வேண்டிய பலகையை மின்சார வட்டவாள் மேசை சிறிது நேரத்தில் அறுத்துத் தரும். ஆனால் நாற்று நடவும், களை பிடுங்கவும், அரிவாள் பிடிக்கவும் வேண்டிய விரல்களை ஒரு நொடியில் துண்டிக்கவும் அதனால் இயலும். விரலிழந்தவனுக்காக அடுத்த போகம் காத்திருப்பதில்லை. ஆகவே இக்கருவியை வாங்கியோரும் வாங்க எண்ணுவோரும் கீழ்வரும் விடயங்களைக் கவனித்தல் வேண்டும்.

1. விபத்து நேரும் விதம்

10 அங்குல விட்டமுள்ள வாள்தட்டு நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும்போது, அதன் பற்கள் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றன. இவ்வேகத்தில், கையை இழுத்துக்கொள்ள வேண்டுமென்று எண்ணுவதற்கும் நேரமிராது.

கை கவனக்குறைவால் வாளிற் படுவது ஒருவகை விபத்து. மரம் பின்னோக்கி எறியப்படுவது மற்றொரு வகை. இதனைப் பின்னடிப்பு என்பர். வாள்தட்டின் முன்புறப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்திக் கீழ்நோக்கி வெட்டுகின்றன. பின்புறப் பற்களோ கீழிருந்து மேலெழுந்து, தொழில் செய்வோனை நோக்கி வருகின்றன. அறுபட்ட மரம் இப்பின்புறப் பற்களிற் சிக்குமாயின், அது மேலே தூக்கப்பட்டு அவனது வயிற்றையோ மார்பையோ நோக்கி எறியப்படும். அவ்வேளை மரத்தின்மேல் இருந்த கை, பிடிப்பிழந்து வாளின்மேல் விழும். எனவே பின்னடிப்பைத் தடுக்கும் முறைகளே கையையும் காக்கும் முறைகளாகும்.

2. பின்னடிப்பைத் தடுக்கும் உறுப்புகள்

பிளவுத்தகடு: வாளுக்குப் பின்னால், வாளோடு ஒரே நேர்கோட்டில் நிற்கும் உருக்குத் தகடு இதுவாகும். உழுத சால் மீண்டும் மூடுவதுபோல், அறுபட்ட மரத்தின் இரு பாகங்களும் நெருங்கி வாளைக் கவ்வப் பார்க்கும். வெட்டுச்சாலினுள் நின்று அதனை மூடவிடாது தடுப்பதே இத்தகட்டின் வேலை. இது வாள்தட்டின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாகவும், பற்கள் வெட்டும் அகலத்தை விடச் சற்று மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும். வாள்தட்டை மாற்றும்போது இப்பொருத்தத்தைப் பார்க்கத் தவறலாகாது.

காவல்மூடி: வாளின் மேற்பகுதியை மறைக்கும் இம்மூடி, அறுக்கும் கோட்டைப் பார்க்க இடையூறு எனச் சிலர் கழற்றி வைத்துவிடுகின்றனர். அளவை மரத்திற் குறித்து, வழிச்சட்டத்தை அவ்வளவுக்கு இறுக்கியபின் கோட்டைப் பார்த்து அறுக்க வேண்டிய தேவை இல்லை. மூடியைக் கழற்ற வேண்டாம்.

வழிச்சட்டம்: பலகை சாய்ந்து செல்லும் நேர்ச்சட்டம் இதுவாகும். இது வாளுக்குச் சமாந்தரமாக இருத்தல் வேண்டும். வாளின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் சட்டம் வரையுள்ள தூரத்தை, மின்னிணைப்பைக் கழற்றிய பின் அளந்து பார்க்க. பின்புறத் தூரம் குறைவாயின் மரம் இடையில் இறுகும், பின்னடிப்பு நேரும்.

தள்ளுகோல்: நுனியில் மரத்தைக் கவ்வும் வெட்டுள்ள, ஒன்றரையடி நீளமான கோலை ஒரு துண்டுப் பலகையில் எவரும் செய்துகொள்ளலாம். பலகையின் கடைசி ஓரடியைத் தள்ளும்போதும், ஓரடிக்குக் குறைந்த துண்டுகளை அறுக்கும்போதும் கைக்குப் பதிலாக இதனையே பயன்படுத்துக. இதனை மேசையிலேயே தொங்கவிட வேண்டும். தேடியெடுக்க வேண்டிய தள்ளுகோலை எவரும் பயன்படுத்தமாட்டார்.

3. மரத்தைத் தெரிதலும் சோதித்தலும்

வேலியிலும் பழைய வீட்டிலும் இருந்து எடுத்த மரங்களில் ஆணிகள் இருக்கும். முள்ளுக்கம்பி அடித்த உயிர்மரங்களில் ஆணியைச் சுற்றி மரம் வளர்ந்து மூடியிருக்கும். 2009 இல் முடிவுற்ற போர் நிகழ்ந்த பிரதேசங்களில் வளர்ந்த பனையிலும் வேம்பிலும் துப்பாக்கி ரவைகளும் எறிகணைத் துண்டுகளும் புதைந்திருத்தல் கூடும். மரத்தில் நீலங்கலந்த கறுப்புக் கறை காணப்படின் உள்ளே இரும்பு உண்டென ஐயுறுக. காந்தத்தை மரத்தின்மேல் மெல்ல நகர்த்திப் பார்த்தலும் நன்று. எனினும் ஆழத்திலுள்ள இரும்பையும், ஈயம், பித்தளை ஆகியவற்றையும் காந்தம் காட்டாது. ஐயமுள்ள மரத்தை விலக்குதலே தக்கது.

பச்சை மரம் அறுபடும்போதே வளைந்து வாளைக் கவ்வும். ஆதலின் நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே அறுக்க. பனையும் தென்னையும் புறப்பகுதியில் மிகக் கடினமானவை. சாதாரண உருக்குப் பற்களை விரைவில் மழுக்குபவை. இவற்றுக்குக் காபைட் முனைவைத்த பற்களுள்ள வாள்தட்டே ஏற்றது. மழுங்கிய வாளுக்கு மிகுந்த பலத்துடன் மரத்தைத் தள்ள வேண்டியிருக்கும். அவ்வாறு தள்ளும் கை தவறினால் வாளிலேயே போய் விழும்.

உருண்டைத் தடிகள் வாளிற் பட்டதும் உருண்டு கையை இழுக்கும். பந்தற் கால்களையும் மண்வெட்டிப் பிடிக்குரிய தடிகளையும் கைவாளால் அறுப்பதே உத்தமம். வளைந்த பலகையையும் ஒரு பக்கம் சீவி நேராக்கிய பின்னரே மேசையில் வைக்க வேண்டும்.

4. மின்னிணைப்பும் இடமும்

மேசை அசையாதபடி சமதரையில், மழைச்சாரல் படாத இடத்தில் நிறுத்தப்படல் வேண்டும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்யலாகாது. 30 மில்லியம்பியரில் விழும் ட்றிப் சுவிச்சும், முறையான புவியிணைப்பும் வீட்டு மின்சுற்றில் இருத்தல் அவசியம். மெல்லிய நீண்ட வயர் மூலம் மின்னெடுத்தால் மோட்டார் வலுவிழந்து சூடாகும்.

மின் தடைப்பட்டு மீளும்போது வாள் தானாகச் சுழலத் தொடங்குவது பேராபத்து. 2022 இல் நாள்தோறும் மணிக்கணக்கில் மின் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். மின் போனவுடன் தானே விழுந்து, மீண்டும் அழுத்தினாலன்றி இயங்காத ஆளியுள்ள கருவியையே வாங்குக. அவ்வாறில்லாவிடின், மின் நின்ற கணமே ஆளியை நிறுத்திச் செருகியையும் கழற்றுக.

இருசில்லு உழவு இயந்திரத்தின் பட்டியால் வாளைச் சுழற்றுவதும், இரும்பு அறுக்கும் கைக் கிறைண்டரில் மரவாள் பூட்டுவதும் சில இடங்களிற் காணப்படுகின்றன. இவற்றிற் பிளவுத்தகடும் மூடியும் இல்லை. வாள்தட்டிற் பொறிக்கப்பட்ட உச்ச வேகத்தை மீறிச் சுழலவும் கூடும். இவற்றை முற்றாகத் தவிர்க்க.

5. அறுக்கும் ஒழுங்கு

நாற்றுப் பெட்டிக்காக, ஓர் அங்குலத் தடிப்பும் நாலடி நீளமும் உள்ள பலகையிலிருந்து மூன்றங்குல அகலச் சட்டம் எடுப்பதாகக் கொள்வோம்.

(அ) செருகியைக் கழற்றிய நிலையில், பற்கள் பலகைக்கு மேல் கால் அங்குலம் மட்டும் தெரியுமாறு வாளின் உயரத்தை அமைக்க.

(ஆ) வழிச்சட்டத்தை வாளின் வலப்புறம் மூன்றங்குலத்தில் இறுக்கி, பலகையின் நேரான ஓரத்தை அதனோடு அணைக்க.

(இ) வாளுக்கு நேரே நில்லாது சற்று இடப்புறமாக நிற்க. எறியப்படும் துண்டு பெரும்பாலும் வாளுக்கும் சட்டத்துக்கும் இடையிலிருந்தே வரும்.

(ஈ) வாள் முழுவேகம் அடைந்தபின் பலகையைச் சீராகத் தள்ளுக. இடக்கை பலகையைச் சட்டத்தோடு அணைத்தபடி வாளுக்கு முன்பாகவே நிற்க வேண்டும். வாளைத் தாண்டிச் செல்லலாகாது.

(உ) கடைசி ஓரடி வந்ததும் இடக்கையை எடுத்துவிட்டு, தள்ளுகோலால் வாளுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள பாகத்தைப் பிளவுத்தகட்டுக்கு அப்பால் செல்லும் வரை தள்ளுக. நடுவிற் பின்னோக்கி இழுக்கலாகாது.

(ஊ) ஆளியை நிறுத்தி, வாள் முற்றாக நின்றபின்னரே துண்டுகளை அகற்றுக.

பலகையைக் குறுக்கே வெட்டும்போது மேசையின் தவாளிப்பில் நகரும் குறுக்குச்சட்டத்தைப் பயன்படுத்துக. அப்போது வெட்டுண்ட துண்டு வழிச்சட்டத்தில் முட்டலாகாது. முட்டினால் இடையில் திரும்பிச் சிக்கும். எச்சட்டமும் இன்றி, வெறுங்கையால் பிடித்து எதனையும் அறுக்கலாகாது. துணையாள் இருப்பின் அவர் பின்புறத்தில் பலகையைத் தாங்க வேண்டுமேயன்றி இழுக்கக் கூடாது.

6. உடையும் உடற்காப்பும்

சால்வை, தொங்கும் சாரம், நீண்ட கைச்சட்டை, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றுடன் வாளை அணுகலாகாது. கையுறையும் வேண்டாம், ஒரு நூல் பல்லிற் சிக்கினும் கை முழுவதும் இழுபடும். கண்ணுக்குக் கண்ணாடியும், காதுக்கு அடைப்பானும், மூக்குக்குத் தூசுக் கவசமும் அணிக. மரத்தூள் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதென 1995 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியுள்ளது.

பகல் முழுதும் வயலில் உழைத்துக் களைத்தவர் இரவில் வாளைத் தொடலாகாது. மது அருந்தியவருக்கும், மயக்கந்தரும் மருந்து உண்டவருக்கும் இதுவே விதி. சிறுவர் விளையாடும் நேரத்தில் செருகி கழற்றப்பட்டே இருத்தல் வேண்டும்.

7. காயம் நேர்ந்தால்

சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்துக. கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றை இடலாகாது. 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். துண்டான விரலை நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியிற் சுற்றி, நீர் புகாத பொலித்தீன் பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து நோயாளியுடனேயே அனுப்புக. விரல் பனிக்கட்டியில் நேரடியாகப் படலாகாது. சிறு காயமாயினும் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்டறிக.

நினைவிற் கொள்ள வேண்டியவை

பிளவுத்தகடும் மூடியும் பூட்டப்பட்டுள்ளனவா?
வழிச்சட்டம் வாளுக்குச் சமாந்தரமாக உள்ளதா?
மரம் உலர்ந்ததா, நேரானதா, இரும்பு இல்லாததா?
தள்ளுகோல் கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா?

இந்நான்கு வினாக்களுக்கும் ‘ஆம்’ எனக் கூறக்கூடியவரே ஆளியை அழுத்தலாம். ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்ற விடை வருமாயின், அன்றைய வேலைக்குக் கைவாளை எடுப்பதே அறிவுடைமை.