வணிகர் மடல்

வாணிகம் பொருளால் மட்டும் நடைபெறுவதன்று, சொல்லாலும் நடைபெறுவது. விற்பவரும் வாங்குபவரும் நேரில் கண்டு பேசுமிடத்து, முகமும் குரலும் சொல்லுக்குத் துணைநிற்கும். இருவரும் தொலைவில் வாழ்வராயின், எழுதும் மடலே முகமாகவும் குரலாகவும் அமைதல் வேண்டும். இவ்வுண்மையை மிகப் பழைய மடல் ஒன்று தெளிவுறக் காட்டுகின்றது.

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் ‘ஊர்’ என்னும் பெயருடைய பழம்பெரு நகரம் ஒன்று இருந்தது. 1922 முதல் 1934 வரை லெனார்டு ஊல்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் அங்கு அகழாய்வு நடத்தினார். ஊரில் கிடைத்த களிமண் பலகைகளுள் ஒன்று இலண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது. கையில் அடங்கும் அச்சிறு பலகை, ஏறத்தாழக் கி.மு. 1750-இல் அக்காதிய மொழியில் ஆப்புவடிவ எழுத்துகளால் பொறிக்கப்பட்டது. நன்னி என்பவர் ஏயா நாசிர் என்னும் செப்பு வணிகருக்கு விடுத்த முறையீடே அது.

ஏயா நாசிர் நல்ல செப்புக் கட்டிகள் தருவதாக வாக்களித்திருந்தார். ஆயினும், நன்னியின் தூதர் சென்றபோது தரங்குறைந்த கட்டிகளைக் காட்டி, வேண்டுமாயின் கொள்ளலாம், இன்றேல் செல்லலாம் என்னும் கருத்துப்படப் பேசினார். கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறச் சென்றவர்களும் பகைவர் நிலத்தைக் கடந்து வெறுங்கையராய் மீண்டனர். செம்பு தாழ்ந்தமையினும், தம்மையும் தம் தூதரையும் பொருட்படுத்தாமையே நன்னியின் உள்ளத்தை மிகுதியாகப் புண்படுத்திற்று என்பது அம்மடலால் விளங்குகின்றது. இனித் தம் முற்றத்திலேயே கட்டிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து கொள்வதாகவும், தகாதவற்றை மறுப்பதாகவும் அவர் அறிவித்தார். ஒரு கடுஞ்சொல்லால் ஏயா நாசிர் இழந்தது நம்பிக்கை என்னும் பெருமுதலன்றோ!

நன்னியின் மடலில் சினம் உண்டு. ஆயினும் குழப்பம் இல்லை. வாக்களித்தது யாது, நடந்தது யாது, இனிச் செய்யப்போவது யாது என்னும் மூன்றும் அதில் தெளிவாக உள்ளன. பயனுள்ள வணிக மடலுக்கு இத்தெளிவே முதல் இலக்கணம்.

மறுமொழி எழுதுவோர்க்கும் இலக்கணம் உண்டு. குறை கூறியவரின் பெயரைச் சுட்டி விளித்தல் வேண்டும். அவர் கூறிய குறையையே எடுத்துரைத்தல் வேண்டும். தவறு தம்முடையதாயின் மறையாது ஒப்புதல் வேண்டும். அது தீரும் நாளைக் குறித்தல் வேண்டும். எல்லார்க்கும் பொதுவாக அச்சிட்ட விடை ஒருவரையும் ஆற்றுவதில்லை. சேதமுற்ற பொருளைப் பெற்றவருக்கு, “தங்கள் மடல் கிடைத்தது, ஆவன செய்யப்படும்” என்று எழுதுதல் எளிது. “தாங்கள் வாங்கிய விளக்கின் கண்ணாடி உடைந்திருந்தமைக்கு வருந்துகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் வேறொன்று வந்து சேரும்” என்று எழுதுதலோ சிறிது முயற்சி வேண்டுவது. அம்முயற்சியே வாங்கியவரை மீண்டும் அக்கடைக்கு அழைத்து வரும்.

களிமண் போய்த் தாள் வந்தது. தாளோடு தொலைபேசியும் மின்னஞ்சலும் வந்தன. மடல் செல்லும் விரைவு மாறிற்று. மதிப்பை விழையும் மனித உள்ளம் மாறவில்லை. இனியவை கூறலுக்கும் சொல்வன்மைக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தார். இனிமையும் வன்மையும் ஒருங்கே பொருந்திய சொல்லே வாணிகத்தின் அழியா முதலாகும்.