இளமைத் துயரும் பின்னை வாழ்வும்

வன்முறை வன்முறையையே ஈனும் என்பது உலகோர் நெடுங்காலமாகக் கூறிவரும் கருத்து. அடிபட்டு வளர்ந்த குழந்தை, பின்னாளில் அடிக்கும் மனிதனாகும் என்பர். இஃது எந்த அளவிற்கு உண்மை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முற்கால ஆய்வாளர் பலர் சிறைக்கைதிகளிடம் சென்று அவர்தம் இளமையை வினவினர். இம்முறையில் ஒரு குறை உண்டு. துயருற்றும் நல்வாழ்வு வாழ்வோர் சிறையில் இரார். ஆதலின் கணக்கிலும் வாரார். இக்குறையை நீக்க முனைந்தார் அமெரிக்க உளவியல் அறிஞர் கேத்தி ஸ்பாட்ஸ் விடம். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானோர் என 1967 முதல் 1971 வரை நீதிமன்றப் பதிவில் இடம்பெற்ற 908 சிறாரை அவர் எடுத்துக்கொண்டார். வயது, பால், இனம், குடும்பநிலை ஆகியவற்றில் அவர்களை ஒத்த 667 பேரை ஒப்பீட்டுக்குக் கொண்டார். இரு சாராரின் பிற்காலக் கைதுப் பதிவுகளையும் நோக்கி, 1989-இல் முடிவை வெளியிட்டார்.

வன்முறைக் குற்றத்திற்காகக் கைதானோர் முதற்சாராரில் நூற்றுக்கு 11 பேர். மறுசாராரில் 8 பேர். அடிபட்டோரிடம் மட்டுமன்றி, பேணுவாரின்றிப் புறக்கணிக்கப்பட்டோரிடத்தும் இவ்விகிதம் மிகுந்திருந்தது. கை ஓங்காமை மட்டுமே அன்பாகிவிடாது என்பது இதனாற் பெறப்படும்.

துன்புறுத்துவோராதல் ஒருபால், துன்புறுவோராதல் மற்றொருபால். இவ்விரு சாராரையும் நடுவயதில் நேர்கண்டு, விடம் குழுவினர் 2008-இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். இளமையில் கொடுமைக்கு ஆளானோர், வாழ்நாளில் மீண்டும் தாக்குதலுக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் மிகுதியாக ஆளாயினர் என்பதை அது காட்டிற்று. முன்னரே புண்பட்டவரையே தீமை மீண்டும் நாடுகிறது. அவரையே பழிப்பது அறமாகாது.

எனினும், முதற்சாராரில் நூற்றுக்கு 89 பேர் வன்முறைக் குற்றத்திற்காகக் கைதாகவில்லை என்பதையும் மறத்தலாகாது. கைதுப் பதிவு வீட்டிற்குள் நிகழும் வன்முறை அனைத்தையும் காட்டாது என்பது உண்மையே. ஆயினும், இளமைத் துயர் இடரைப் பெருக்குகிறதேயன்றி விதியை எழுதிவிடுவதில்லை என்பது தெளிவு.

ஆகவே, 'இவன் இப்படித்தான் ஆவான்' என்று துயருற்ற சிறுவனை முத்திரையிடுதல் கொடுமைமேற் கொடுமையாம். காயமுள்ள பிள்ளை கண்ணிற் படும்; கவனிப்பாரற்ற பிள்ளையோ வகுப்பின் கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும். பெற்றோரும் ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் அப்பிள்ளையையும் தேடிக் காணல் வேண்டும்.