கட்சிக்கு ஒரு லட்சம் கொடுத்தால் 95 ஆயிரம் திரும்பி வரும்: இந்தக் கணக்கில் உங்கள் பங்கு எவ்வளவு?

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். திருநின்றவூர் ஸ்டேஷன் பக்கம் இருக்கிற என் ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். நம்ம சேனலை ரெகுலரா பார்க்கிறவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, வருஷத்துக்கு 15 லட்சம் சம்பளம். உட்கார்ந்ததும் போனை எடுத்து ஒரு எஸ்.எம்.எஸ்ஸைக் காட்டினார். வருமான வரித் துறையிலிருந்து வந்தது. அரசியல் கட்சிக்குக் கொடுத்த நன்கொடைக்காக நீங்கள் கழிவு கேட்டிருக்கிறீர்கள், அதைச் சரிபார்த்து, தவறு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள் என்று சாரம்.

"மேடம், நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனா பணம் அனுப்பினது உண்மை. பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கு, ரசீது இருக்கு. இதுல என்ன தப்பு?"

"திரும்ப எவ்வளவு வந்துச்சு?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் மேலே ஃபேனையே பார்த்துட்டிருந்தார். "95 ஆயிரம். கேஷா."

இதே கேள்வி கமெண்ட்லயும் மெயில்லயும் வந்துட்டே இருக்கு. அதனால இன்னைக்கு 80ஜிஜிசி பற்றி முழுசா எழுதிடறேன். கட்சிக்குப் பணம் கொடுக்கிறவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும், சட்டத்துக்கு வெளியே என்ன கிடைக்குது, இந்த 95 ஆயிரம் அதில் எந்த வகை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சட்டம். தேர்தல் ஆணையத்தில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின் கீழ் பதிவான கட்சிக்கோ, தேர்தல் அறக்கட்டளைக்கோ தனிநபர் கொடுக்கிற நன்கொடை முழுவதும் 80ஜிஜிசியில் கழிவாகும். கம்பெனிகளுக்கு இதே சலுகை 80ஜிஜிபியில். 80சி மாதிரி ஒன்றரை லட்சம் என்ற உச்சவரம்பெல்லாம் இதில் கிடையாது. கேஷாகக் கொடுத்தால் மட்டும் ஒரு ரூபாய்க்குக்கூடக் கழிவு இல்லை. இன்னொரு விஷயம், இது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய முறையில் இருந்துகொண்டு "கட்சிக்குக் கொடுத்தா டாக்ஸ் மிச்சமாகும்"னு யாராவது சொன்னா, சொன்னவருக்கே விஷயம் தெரியலைன்னு அர்த்தம். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் இனிமேல் பிரிவு எண்கள் மாறும். இப்போது எல்லோருக்கும் பழகிய எண்ணையே எழுதுகிறேன்.)

நம்ம தம்பிக்கு நிலைக்கழிவும் 80சியும் போக வரிக்கு உட்பட்ட வருமானம் 13 லட்சம். 30 சதவீத ஸ்லாப், செஸ்ஸோடு 31.2 சதவீதம். இவர் உண்மையிலேயே ஒரு லட்சம் கொடுத்திருந்தால் வரி 31,200 ரூபாய் குறையும். அதாவது அந்த ஒரு லட்சத்தில் 68,800 இவர் பணம். மீதி 31,200 அரசாங்கத்துக்கு வரவேண்டிய வரி. இவருக்குப் பிடித்த கட்சிக்காக அரசாங்கம் விட்டுக்கொடுத்தது. இந்த 31,200ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

சட்டம் கொடுக்கிற சலுகை இவ்வளவுதான். ஆனா கொடுக்கிறவர்கள் வேறு எதையும் எதிர்பார்ப்பதில்லையா?

உபயம்: பெயர் எழுதிய டியூப்லைட்

நம்ம ஊர்க் கோயில்களில் பார்த்திருப்பீங்க. ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துட்டு, வெளிச்சமே வராத அளவுக்கு அதன் மேல் உபயதாரர் பெயரை எழுதியிருப்பாங்க. அதிகம் கொடுத்தவருக்குப் பரிவட்டம், முதல் மரியாதை. கொடுத்தவனுக்கு ஏதோ ஒன்று திரும்பி வரணும் என்பது மனுஷ சுபாவம். இதில் திருநின்றவூருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பூசலார் நாயனார் எங்க ஊர்க்காரர். கோயில் கட்ட அலைந்து திரிந்தும் பணம் சேராமல், மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கோயில் கட்டியவர். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னரின் கனவில் சிவபெருமான் வந்து, "நாளைக்கு பூசலார் கோயிலுக்குப் போகணும், உன் குடமுழுக்கைத் தள்ளி வை" என்று சொன்னதாகப் பெரிய புராணத்தில் வருகிறது. பெரிய டோனரைக் காத்திருக்கச் சொன்ன இன்னொரு கதை எனக்குத் தெரியாது. அரசியலில் நிச்சயம் கிடையாது.

அரசியலில் சில நாடுகளில் இதற்கு ரேட் கார்டே உண்டு. பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியில் தலைவர் குழு என்று ஒன்று. வருஷத்துக்கு 50,000 பவுண்டு கொடுத்தால் உறுப்பினர். கட்சித் தலைவரோடும் மூத்த தலைவர்களோடும் விருந்தில் உட்காரலாம். அமெரிக்காவில் ஆட்சிக்கு வருகிற கட்சி எதுவானாலும், தேர்தலுக்குப் பெருந்தொகை கொடுத்தவர்களில் சிலர் வெளிநாட்டுத் தூதர்களாக நியமிக்கப்படுவது பழைய வழக்கம். சரியா தப்பா என்பது வேறு விவாதம். என்ன கொடுத்தார், என்ன பெற்றார் என்று அங்கே பத்திரிகையில் படிக்கவாவது முடியும்.

தமிழ்நாட்டில் கட்சி நிதிக்கு வேறொரு முகமும் இருந்தது. 1967 தேர்தலுக்கு முன் விருகம்பாக்கம் மாநாட்டில், பத்து லட்சம் இலக்கு வைத்த அண்ணாவிடம் கருணாநிதி 11 லட்சம் திரட்டிக் கொடுத்தார். சைதாப்பேட்டை வேட்பாளர் பெயரைப் படிக்கும்போது அண்ணா "11 லட்சம்" என்றே அறிவித்ததாகச் சொல்வார்கள். அது ஊர் ஊராகத் திரட்டிய பணம். யாரோ ஒருவர் தனியாகக் கொடுத்து, அதற்கு ஈடாகக் கேட்டு வாங்க அதில் வழியில்லை.

அப்படியே 2018க்கு வாங்க. தேர்தல் பத்திரங்கள். ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை மதிப்பு, ஸ்டேட் பேங்கில் வாங்கி 15 நாளுக்குள் கட்சி மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்கியவர் பெயர் வெளியே வராது, ஆனால் மேலே சொன்ன அதே வரிச் சலுகை உண்டு. அதற்கு முன்பு ஒரு கம்பெனி தன் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது. 2017இல் அந்த வரம்பையும் எடுத்துட்டாங்க. ஆக, நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியும் கோடிகளில் கொடுக்கலாம். ஆடிட்டரா யோசிச்சா ஒரே கேள்விதான்: லாபமே இல்லாத கம்பெனி எதற்காக நன்கொடை கொடுக்கும்?

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. பணம் கொடுத்தவர் பதிலுக்குக் காரியம் சாதித்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கும்போது, யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்பது தீர்ப்பின் மையம். மார்ச்சில் பட்டியல் வெளிவந்தது. பெற்றதில் முதலிடம் பாஜக, சுமார் 6,060 கோடி. வாங்கியதில் முதலிடம் கோயம்புத்தூர் லாட்டரி அதிபர் சாண்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. திமுக தானே தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த கணக்கின்படி, அதற்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி இந்த ஒரு கம்பெனியுடையது. 2003 முதல் லாட்டரி விற்பனைக்கே தடை இருக்கிற மாநிலம் நம்முடையது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கோங்க. அதிமுகவுக்கு வந்தது 6.05 கோடி, அதில் பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் கம்பெனி கொடுத்தது.

இந்தக் கம்பெனிகளுக்குப் பதிலுக்கு என்ன கிடைத்தது என்று எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கவில்லை. தனி விசாரணைக் குழு கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனால நானும் எதையும் முடிவு கட்டிச் சொல்லப் போவதில்லை.

இப்போ உங்க 95 ஆயிரம்

பெரிய ஆட்களுக்கு என்ன திரும்பி வந்ததோ தெரியாது. உங்களுக்கு வந்தது தெரியும், கேஷ்.

இது நடக்கிற விதம் ரொம்ப எளிது. பதிவு மட்டும் இருந்து தேர்தலில் நிற்காத ஒரு சின்னக் கட்சி. 13ஏ பிரிவில் கட்சியின் வருமானத்துக்கு வரி இல்லை. நீங்க ஆன்லைனில் ஒரு லட்சம் அனுப்புறீங்க, ரசீது வருது. கட்சி அக்கவுண்ட்டிலிருந்து அந்தப் பணம் இரண்டு மூன்று கைமாறி கேஷாகிறது. கமிஷன் 5,000 போக 95,000 உங்க கைக்கு வருது. நீங்க ரிட்டர்னில் 80ஜிஜிசி போட்டு ரீஃபண்ட் வாங்குறீங்க.

அந்த 31,200க்குத் திரும்ப வாங்க. கொடுத்தது 1,00,000. வந்தது 95,000 கேஷ், 31,200 ரீஃபண்ட், மொத்தம் 1,26,200. லாபம் 26,200. புரோக்கருக்கும் கட்சிக்கும் 5,000. இரண்டையும் கூட்டுங்க: 31,200. அதாவது இதில் யாரும் யாருக்கும் ஒரு பைசா நன்கொடை கொடுக்கவில்லை. அரசாங்கத்திடமிருந்து எடுத்த 31,200ஐ இரண்டு பேர் பிரிச்சுக்கிட்டீங்க. பேங்க் ஸ்டேட்மென்ட் உண்மை, ரசீது உண்மை; நன்கொடை மட்டும் பொய். ‘பணம் அனுப்பினது உண்மைதானே மேடம்’ என்ற வாதம் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

"எனக்குக் கேஷா வந்தது அவங்களுக்கு எப்படித் தெரியும்?" அடுத்த கேள்வி இதுவாத்தான் இருக்கும். உங்க வீட்டுக்கு யாரும் வந்து தேட வேண்டாம். கட்சிப் பக்கம் ஒரு ரெய்டு போதும். யாருக்கு எவ்வளவு திருப்பிக் கொடுத்தோம் என்று எழுதி வைக்காமல் அந்தத் தொழிலை நடத்தவே முடியாது, அந்தப் பட்டியலில் உங்க பெயர் இருக்கும். 2022 செப்டம்பரில் இப்படிப்பட்ட கட்சிகள் மீது பல மாநிலங்களில் சோதனை நடந்தது. 2025 ஜூலை 14 அன்று போலிக் கழிவு கேட்டுக் கொடுக்கும் இடைத்தரகர்கள் மீது நாடு முழுக்க நடவடிக்கை. அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கியதாகத் துறை சொன்னது. ஆறு வருஷமாக எந்தத் தேர்தலிலும் நிற்காத 334 கட்சிகளை ஆகஸ்டிலும், இன்னும் 474 கட்சிகளை செப்டம்பரிலும் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. டிசம்பரில்தான் தம்பிக்கு வந்த மாதிரி எஸ்.எம்.எஸ்கள் கிளம்பின. ரிட்டர்ன் படிவமும் முன்ன மாதிரி இல்லை. நன்கொடை கொடுத்த தேதி, பரிவர்த்தனை எண், வங்கி விவரம் எல்லாம் தனி அட்டவணையில் கேட்குது.

மாட்டினால்? வரி 31,200, அதற்கு வட்டி. வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு 270ஏ பிரிவில் அபராதம் வரியில் 200 சதவீதம், அதாவது 62,400. கிட்டத்தட்ட ஒரு லட்சம். பொய் விவரம் கொடுத்ததற்கு வழக்குப் போடவும் சட்டத்தில் இடம் இருக்கு.

தம்பியிடம் சொன்னது இதுதான். அவர் கழிவு கேட்டது 2023-24 நிதியாண்டுக்கு. இந்த மார்ச் 31க்குள் ஐடிஆர்-யூ, அதாவது புதுப்பித்த ரிட்டர்ன் போட்டால் வரியும் வட்டியும், அதன் மேல் 25 சதவீதமும் கட்டினால் போதும். ஏப்ரல் 1 ஆனால் அந்த 25, 50 ஆகும். 2022-23க்குப் போட்டவர்களுக்கு இப்போதே 50, மார்ச் தாண்டினால் 60. அதிகபட்சம் 70 வரை, நான்கு வருஷம் கதவு திறந்திருக்கும். ஆனா இது நீங்களா முன்வந்து செய்யும் வரைக்கும்தான். விசாரணை ஆரம்பித்த பிறகு இவ்வளவு சுலபமாக முடியாது. எஸ்.எம்.எஸ் வந்தும் "பார்த்துக்கலாம்"னு விட்டுடாதீங்க.

உண்மையாகவே ஒரு கட்சிக்குக் கொடுத்தவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. கழிவையும் விட்டுக்கொடுக்காதீங்க. கட்சியின் பெயர், பான், பதிவு விவரம் உள்ள ரசீதையும் பேங்க் பதிவையும் எடுத்து வையுங்க. கேள்வி வந்தால் பதில் சொல்லுங்க. கொடுத்த கட்சியின் சின்னம் என்ன என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்ல முடிகிறவர்களுக்கு, என் அனுபவத்தில், இந்தப் பிரச்சனை வந்ததில்லை.

தம்பி அன்னைக்கே கணக்குப் போடச் சொன்னார். வட்டியெல்லாம் சேர்த்து 50 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. 26,200 சம்பாதிக்கப் போய் இது. ஏப்ரலில் தங்கச்சி கல்யாணம், அதற்கு வைத்திருந்த பணத்திலிருந்து கட்டினார். வீட்டில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இந்த வழியைக் காட்டியது ஆபீஸ் சீனியர் ஒருவர். அவர் கொடுத்த புரோக்கர் நம்பரை என் எதிரிலேயே அழைத்துப் பார்த்தார். சுவிட்ச் ஆஃப்.

போன வாரம் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட். அதே ஆபீஸ் குரூப், புது நம்பர், வேறொரு கட்சி. இந்த முறை 96 சதவீதம் திரும்பத் தருகிறார்களாம்.