கடைசி ஷாஃப்ட்டைக் கவனியுங்கள்

வீட்டில் ரோபோ கையோ மில்லிங் மெஷினுக்கு ஒரு சுழல் மேசையோ செய்ய இறங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, வேகத்தை எத்தனைக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்பதுதான். நேமா 17 ஸ்டெப்பர் மோட்டார் ஏறத்தாழ 0.4 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைப் பிடித்து நிற்கும். அரை கிலோ எடையை 300 மி.மீ. நீளக் கையின் நுனியில் தாங்க மட்டுமே 1.5 நியூட்டன் மீட்டர் வேண்டும். ஆகவே குறைப்பு வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் விகிதம் இந்த வேலையில் சுலபமான பகுதி. பல்லை எண்ணி வகுத்தால் வந்துவிடும். என் காசையும் மாதங்களையும் தின்றது கடைசி ஷாஃப்ட். சுமை உட்காரும் அந்த ஷாஃப்ட்டை எது தாங்குகிறது, அது எவ்வளவு ஆடுகிறது என்று யோசிக்காமல் பல்சக்கரத்திலேயே கவனத்தை எல்லாம் கொட்டியதுதான் நான் செய்த பெரிய தப்பு. ‘விகிதத்தைக் கூட்டு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று அன்று எனக்குச் சொன்னவர்கள் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கான பதிலாகவும் இதை எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 படி. ஒவ்வொரு படியையும் டிரைவர் 16 ஆகப் பிரித்தால் 3,200. அதை 100:1 குறைத்தால் 3,20,000. அதாவது 300 மி.மீ. கையின் நுனியில் ஒரு நுண்படிக்கு 0.006 மி.மீ. காகிதத்தில் இது மயக்கும் எண். கடைசிச் சக்கரத்தில் வெறும் அரை டிகிரி ஆட்டம் இருந்தால் போதும், அதே நுனி 2.6 மி.மீ. ஆடும். விகிதத்தை இருநூறாக்கினாலும் இந்த 2.6 குறையாது. அடுக்கடுக்காகக் குறைக்கும்போது முதல் அடுக்கின் ஆட்டம் அடுத்த அடுக்கின் விகிதத்தால் வகுபட்டுச் சிறுத்துவிடும். கடைசி அடுக்கின் ஆட்டத்தை வகுக்க அதற்குப் பின்னால் எதுவும் இல்லை, முழுசாக வெளியே வரும். ஆகவே முதல் அடுக்கில் சல்லிசான சாமான் போட்டாலும் பரவாயில்லை. கடைசிச் சக்கரம் பெரிதாக இருக்கட்டும். பல்லிடுக்கில் 0.05 மி.மீ. இடைவெளி, 12 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் நுனிக்கு 1.25 மி.மீ. ஆகிறது, 38 மி.மீ. ஆரத்தில் 0.4 தான்.

இதைவிட முக்கியம் பேரிங். 608 பேரிங் ஒன்றே ஒன்றில் கடைசி ஷாஃப்ட்டை நிறுத்துவது எல்லோரும் செய்வது, நானும் செய்தது. ஒற்றை வரிசை பால் பேரிங் சில ஆர்க் நிமிடம் சாய்ந்து கொடுக்கும். ஐந்து ஆர்க் நிமிடம் சாய்ந்தாலே 300 மி.மீ. தொலைவில் 0.4 மி.மீ. இரண்டு பேரிங் போட்டாலும் அவற்றை ஒட்டி வைத்தால் பயன் குறைவு. மொத்தத் தளர்ச்சி 0.02 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்: பேரிங்குகள் 10 மி.மீ. இடைவெளியில் இருந்தால் நுனி 0.6 மி.மீ. ஆடும், 40 மி.மீ. தள்ளி வைத்தால் 0.15. காசு கூடுதலாகச் செலவில்லை, இடம்தான் வேண்டும். நான் சொல்வது 6202 ஜோடி: 15 மி.மீ. துளை, 35 மி.மீ. வெளிவிட்டம், எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். அதே அளவில் 7202 ஆங்குலர் கான்டாக்ட் கிடைத்தால் இரண்டை எதிரெதிராக வைத்து நட் போட்டு லேசாக இறுக்கலாம். உள் தளர்ச்சி போய்விடும். பேரிங் உட்காரும் இடத்தைப் பிரிண்ட் செய்யாதீர்கள். பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகும், மோட்டார் உடம்பு அந்தச் சூட்டைத் தாராளமாகத் தொடும். போட்ட அன்று தட்டி இறக்க வேண்டியிருந்த பேரிங், நாள்பட்ட பிறகு கையால் தள்ளினாலே வெளியே வரும். தெருக்கோடியில் லேத் பட்டறை இருக்குமே, அலுமினியத்தில் அந்த ஒரு துண்டை மட்டும் கடைந்து வாங்குங்கள். மற்றதெல்லாம், பெட்டி, மூடி, உங்கள் 3டி பிரிண்டரிலேயே முடிந்துவிடும்.

‘தொழிற்சாலை ரோபோவில் ஹார்மானிக் டிரைவ்தானே இருக்கிறது, அதைப் பிரிண்ட் செய்தால் என்ன?’ என்பார்கள். 1950-களில் வால்டன் மஸ்ஸர் கண்டுபிடித்த அந்த அமைப்பு அபாரமானதுதான். வெளிவளையத்தில் 202 பல், உள்ளே நெளியும் கிண்ணத்தில் 200, அந்த இரண்டு பல் வித்தியாசத்தில் 100:1 வந்துவிடும். ஆனால் அந்தக் கிண்ணம் உருக்கு. பல கோடி முறை நெளிந்தாலும் விரிசல் விடாமல் இருப்பதற்காகவே அந்த உலோகம், அந்தத் துல்லியம். தொழிற்சாலை ரோபோவில் அதன் வெளிப்பக்கச் சுமையைக் கிராஸ்டு ரோலர் பேரிங் வாங்கிக்கொள்கிறது. பல் மட்டும் அந்த வேலையைச் செய்யவில்லை. பிளாஸ்டிக் கிண்ணமோ சுமையில் ஸ்பிரிங் போல முறுக்கிக்கொள்ளும், அடுக்கு பிரியும். சைக்ளாய்டல் டிரைவிலும் இதே கதை. அதில் வட்டின் சுழற்சியைக் கடைசி ஷாஃப்ட்டுக்குக் கொண்டு வருவது அதன் துளைகளுக்குள் நிற்கும் முளைகள். முளை 6 மி.மீ., மையவிலகல் 1 மி.மீ. என்றால் துளை 8 மி.மீ. இருக்க வேண்டும். அந்தத் துளை 0.1 மி.மீ. கூடினால், முளைகள் 20 மி.மீ. ஆரத்தில் இருக்கும்போது, நுனி 1.5 மி.மீ. ஆடும். வட்டின் வளைவை எவ்வளவு அழகாக வரைந்தாலும் கணக்கு முளையிடம்தான் முடிகிறது.

சாஃப்ட்வேரில் ஆட்டத்தை ஈடுகட்டலாம் என்பது இன்னொரு வாதம். திசை மாறும்போதெல்லாம் இத்தனை படி கூடுதலாகத் தள்ளு என்று கட்டளை கொடுப்பது, சுமை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் மட்டுமே நம்பத்தக்கது. ரோபோ கை செங்குத்தைத் தாண்டும்போது எடை மறுபக்கம் விழும், மோட்டார் திசை மாறாமலே. மில்லிங்கில் கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுக்கும். அந்த நேரம் பற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் வேலைத்துண்டு எங்கே நிற்கிறது என்று எந்தப் புரோகிராமுக்கும் தெரியாது.

ரோபோ கைக்கு நான் தேர்ந்தெடுத்தது இரண்டு அடுக்குப் பெல்ட்: ஜிடி2-இல் 20-க்கு 60, பிறகு 3 மி.மீ. பிட்ச் ஜிடி பெல்ட்டில் 20-க்கு 80, மொத்தம் 12:1. பெல்ட் நீளும் என்று இளப்பமாகச் சொல்கிறார்கள். நீளும், மறுக்கவில்லை. ஆனால் சுமை இறங்கியதும் திரும்பி வரும். பல்லிடுக்கு ஆட்டம் திரும்பி வராது. கடைசிப் பெல்ட்டை 15 மி.மீ. அகலத்தில், முடிந்தவரை குட்டையாகப் போட்டால் நீட்சியும் பெரிதாகக் குறைகிறது. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: கரண்ட் போனால் பெல்ட் பிடிக்காது, கை தொப்பென்று விழும். எதிர்எடையோ பிரேக்கோ கட்டாயம். சுழல் மேசைக்கு வார்ம் கியரே சரி. கடைகளில் வரும் மேசைகள் 40:1, 90:1 என்று அதில்தான் ஓடுகின்றன. ஆனால் அவற்றிலும் வார்மை நெருக்கி வைக்க ஓர் ஏற்பாடு இருக்கும், வெட்டும்போது மேசையைப் பூட்டவும் ஒரு கைப்பிடி இருக்கும்.

செய்து முடித்ததும் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து நிறுத்திவைத்து, கடைசி ஷாஃப்ட்டில் 300 மி.மீ. கம்பி ஒன்றை இறுக்கி, நுனியில் டயல் கேஜை வையுங்கள். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளி விடுங்கள், முள் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். பிறகு இடப்பக்கம். இரண்டு முறையும் ஒரே இடத்துக்கு வந்தால் அது வெறும் நீட்சி. வேறு வேறு இடத்தில் நின்றால் ஆட்டம். அடுத்து கேஜைத் திருப்பி, ஷாஃப்ட் சுழலும் திசைக்குக் குறுக்காகக் கம்பியை அசைத்துப் பாருங்கள். முள் அப்போதும் நகர்ந்தால் பல்லைத் தொடாதீர்கள், முதலில் பேரிங் இருக்கையைக் கழற்றுங்கள்.