மனசுக்குள் ஒரு சந்நிதி!

மயிலாப்பூரில் பங்குனி என்றாலே அறுபத்துமூவர்தான். எட்டாம் நாள் விழாவில் நாயன்மார்கள் மாடவீதிகளில் வலம் வருவதைத் தரிசிக்காவிட்டால், நமக்கு அந்த வருஷமே நிறையாது. ஆனால் 2020-ம் வருடம் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. கொரோனா ஊரடங்கு! பெரிய கோயில்களுக்குள் நாம் மறுபடி நுழைய, செப்டம்பர் 1-ம் தேதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த மாதங்களில் நமக்குக் கைகொடுத்தது எது? வீட்டுப் பூஜை அலமாரிதானே! தி.நகர் ஃபிளாட்டில் சமையலறை ஓரம் இரண்டடி இடமாக இருக்கலாம். அடையாறில் ஹால் சுவரில் மாட்டிய மர மண்டபமாக இருக்கலாம். விளக்கேற்றி அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்தால், நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது அல்லவா?

ஆனால், அந்த இடமும் நமக்கு இல்லாமல் போகிற நாட்கள் உண்டு. வீட்டில் ஒரு துக்கம் என்றால், தீட்டு என்று பூஜை அலமாரியைச் சாத்திவிடுகிறோம். ஆறுதல் அதிகம் தேவைப்படும்போதுதான் விளக்கு இல்லை! ஆஸ்பத்திரியில் உறவுக்குத் துணையிருக்கும்போதும் அப்படித்தான். அப்போது எங்கே போய் உட்காருவது?

அறுபத்துமூவரில் ஒருவரான பூசலார் இதற்கு வழிகாட்டுகிறார்.

சென்னையை அடுத்த திருநின்றவூர்தான் அவர் ஊர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. கையிலோ காசு இல்லை. எங்கெங்கோ தேடியும் கிடைக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? மனசுக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தார். அஸ்திவாரம், விமானம், சிகரம், கிணறு, மதில், குளம் என்று ஒன்றையும் விடவில்லை. நாள் பார்த்துக் குடமுழுக்குக்கும் நேரம் குறித்தார்.

அதே நாளில்தான் காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு! இறைவன் மன்னனின் கனவில் வந்து, பூசலாரின் கோயிலுக்குத் தான் போவதாகவும், வேறு நாள் வைத்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டார். திருநின்றவூருக்கு ஓடிவந்த மன்னன், அங்கே கோயிலே இல்லாதது கண்டு திகைத்தான். விஷயம் தெரிந்ததும், பூசலாரின் காலில் விழுந்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரலாறு இது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பூசலார் ஒரே நாளில் கட்டி முடிக்கவில்லை. பல நாள், படிப்படியாகக் கட்டினார். ஆகவே, கஷ்டம் வந்தபிறகு தொடங்கலாம் என்று இருக்காமல், இன்றைக்கே தொடங்குங்கள்.

தினமும் விளக்கேற்றியதும் கண்களை மூடுங்கள். பழகிய கோயில் ஒன்றை நினையுங்கள். கபாலீஸ்வரர் கோயில் என்றால், கோபுரத்தைப் பாருங்கள், உள்ளே போங்கள், புன்னை மரத்தடியில் நில்லுங்கள், தெற்கு நோக்கி நிற்கும் கற்பகாம்பாளுக்கு ஒரு பூ வையுங்கள். மனசில் இருப்பதையெல்லாம் அவளிடம் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், தப்பில்லை! பெரியவர்கள் 'மானச பூஜை' என்பது இதைத்தான். மனசுக்குள் நாமம் சொல்லத் தீட்டு தடையில்லை என்றும் அவர்கள் சொல்வார்கள்.

இப்படிப் பழகிவிட்டால், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தச் சந்நிதி திறந்தே இருக்கும். துக்கம் உடனே தீர்ந்துவிடாதுதான்; ஆனால் அதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும்.

பூசலாரின் நினைவாகத் திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. அம்பாள், மரகதாம்பிகை. ஐப்பசி அனுஷம் பூசலாரின் குருபூஜை நாள். சென்ட்ரலில் இருந்து திருவள்ளூர் மார்க்கத்தில் செல்லும் மின்சார ரயிலில் போகலாம். ஒருமுறை தரிசித்துவிட்டு வாருங்களேன்!