மெஸ் மேஜையில் அரசியல் பேசும்போது

விடுதி மெஸ்ஸில் நீட் மருத்துவ நுழைவுத் தேர்வு பற்றிப் பேச்சு எழுந்தால் சாப்பாடு ஆறுவதற்குள் குரல் உயர்ந்துவிடும். அதற்காக அரசியலே பேசாமல் இருக்க வேண்டாம். கல்லூரிக் காலத்தை விட்டால், இத்தனை விதமான ஆட்களோடு ஒரே மேஜையில் உட்காரும் வாய்ப்பு பலருக்குக் கிடைப்பதில்லை.

பதில் சொல்லும் முன், நண்பர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். "நீட் இருந்தா நன்கொடை வாங்கி சீட் கொடுக்கிறது குறையும்னு சொல்ற, சரியா?" அவர் "ஆமா" என்ற பிறகே உங்கள் முறை. கேட்க எளிது, செய்வது கடினம். பாதிப் பேச்சிலேயே நம் மனம் பதிலைத் தேடத் தொடங்கிவிடும்.

"நீ எந்தக் கட்சி?" வேண்டாம். "உனக்கு ஏன் அப்படித் தோணுது?" என்று கேளுங்கள். கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாமல் மருத்துவக் கனவை விட்ட அக்கா அவர் வீட்டில் இருக்கலாம். சாதியையும் ஊரையும் வைத்து ஒருவரின் கருத்தை ஊகிப்பதை அடியோடு விடுங்கள். அது ஆறாத காயமாகிவிடும்.

கருத்தை எதிர்த்தாலும் மனிதரை வெறுக்க வேண்டியதில்லை. 1953-இல் ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று கடுமையாக எதிர்த்தவர் பெரியார். 1972-இல் ராஜாஜி மறைந்தபோது அதே பெரியார் இறுதி நிகழ்வுக்கு நேரில் வந்தார்.

தகவலில் முட்டிக்கொண்டால் போனைத் திறந்து இருவரும் சேர்ந்தே பாருங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு எந்த ஆண்டு வந்தது என்பதற்கெல்லாம் சண்டை தேவையில்லை; பார்த்தால் 2020 என்று தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் சூடானால், "டீ குடிக்கும்போது பேசலாம் வா" என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள்.